கரிமங்கல்யம்

நாகர்கோவில் பக்கம் அதற்கு மங்கு என்று பெயர். கன்னத்தில் விழும், நெற்றியில் விழும், மேலுதட்டில் மீசை போல விழும். யாரும் அதனால் செத்ததில்லை. மேற்கே தூத்தூர்க் கடற்கரைக்கு வந்தால் அதே கறைக்குக் கரிமங்கல்யம் என்று பெயர். கேடெல்லாம் அந்தப் பெயரில்தான் இருந்தது. மங்கல்யம் என்ற சொல் உள்ளே கிடப்பதால், கறை பெண்ணின் முகத்தில் இருந்தாலும் அது அவளைக் கட்டினவனின் விவகாரமாகிவிடும்.

லீமாவுக்குக் கல்யாணமான மறுவருஷம் வயிற்றில் பிள்ளை தங்கியது. அப்போது இரண்டு கன்னத்திலும் நிழல் போல ஒன்று படிந்தது. பிள்ளை ஐந்தாம் மாதத்தில் போயிற்று. நிழல் போகவில்லை. கருவாடு காயப்போடும் வெயிலில் அது வருஷத்துக்கு வருஷம் கறுத்தது. 2017 கோடையில் பார்த்தால் யாரோ கரிக்கையால் கன்னத்தைப் பிடித்துவிட்டுப் போனது போல இருந்தது.

அவள் மாமியார் பிரகாசி சத்தம் போடுகிறவள் அல்ல. சத்தம் போட்டிருந்தால் பதில் சொல்லலாம். சோறு போடும்போது லீமாவின் முகத்தைப் பார்ப்பாள், பிறகு சோற்றைப் பார்ப்பாள். அண்டை வீட்டுக்காரிகளிடம் பேசும்போது, இந்தக் கடற்கரைத் துறையில் இதற்கு முன் யார் யாருக்குக் கரிமங்கல்யம் இருந்தது, அவர்கள் மாப்பிள்ளைமாருக்கு என்ன ஆயிற்று என்று பொதுவாகச் சொல்வாள். ஒருவன் கடலில் போனான். ஒருவன் சவுதியில் போனான். ஒருவன் உயிரோடு இருக்கிறான், ஆனால் குடிகாரன். துறையில் பாதிப் பேர் கடலில் போனவர்கள், மீதிப் பாதி குடிகாரர்கள். கறையே இல்லாத பெண்களின் மாப்பிள்ளைமாரும் அதில் அடக்கம். இதை யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

பிரகாசியின் மகன் மரியஜான் தங்கல் தொழிலுக்குப் போகிறவன். கொச்சியில் மீன்பிடிப் போட்டில் ஏறினால் லட்சத்தீவு தாண்டிப் போய், சுறாவும் சூரையும் பிடித்து, ஒரு மாதமோ அதற்கு மேலோ கழித்துத்தான் கரை. போட்டு துறைமுகம் பிடித்ததும் முதலாளி வீட்டுக்குப் போன் வரும். அங்கிருந்து ஒரே ஒரு சொல் வீடு வீடாக நடக்கும்: “வந்துட்டு.” யார் வந்தார்கள் என்று கேட்க வேண்டாம். போட்டு வந்தால் எல்லாரும் வந்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் அம்மா பல் தேய்ப்பாள் என்று மரியஜான் கிண்டல் செய்வான்.

அவனுக்குக் கறையைப் பற்றிக் கவலை இல்லை. “நடுக்கடல்ல சுறா கடிச்சாலும் ஒனக்க மூஞ்சிதான் காரணம்னு சொல்லுவா அம்மா,” என்று லீமாவிடம் சிரிப்பான். ஆனால் அம்மாவிடம் போய் வாயை மூடு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

முதலில் பக்கத்து வீட்டு ஷீஜா ஒரு கிரீம் கொடுத்தாள். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைப்பது. துறையில் கல்யாணப் பெண்கள் எல்லாரும் அதைத்தான் பூசுகிறார்கள் என்றாள். லீமா பூசினாள். ஒரு தங்கல் முடிவதற்குள் கறை காணாமல் போய்விட்டது. கன்னம் நுங்கு போல இருந்தது. அன்று பிரகாசி குழம்பில் கிடந்த மீன் தலையை எடுத்து லீமாவின் தட்டில் வைத்தாள். அந்த வீட்டில் அதற்கு மேல் பெரிய பாராட்டு கிடையாது.

பிறகு தோல் மெலிந்தது. கன்னத்தில் சிவப்பு நூல்கள் தெரிந்தன. வெந்நீர் பட்டால் எரிந்தது, வெறும் காற்றுக்கே எரிந்தது. பயந்து கிரீமை நிறுத்தினாள். கறை முன்னைவிடக் கறுப்பாகத் திரும்பி வந்தது. அந்த வாரத்தில்தான் போட்டில் வலை இழுக்கும் வின்ச்சுக் கயிறு சுற்றி மரியஜானின் இடதுகைச் சுண்டுவிரல் துண்டாகிப் போயிற்று.

சுண்டுவிரல்தானே மாமி, ஆள் நன்றாக இருக்கிறாரே என்றாள் லீமா.

“இப்போ சுண்டுவெரலு,” என்றாள் பிரகாசி.

லீமா அதை நம்பவில்லை. நம்பவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே அன்று முழுக்கக் கண்ணாடியைத் திருப்பி வைத்திருந்தாள்.

அவளை மார்த்தாண்டத்தில் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனவள் ரெஜிஷா. மரியஜானின் தங்கை. பார்மசிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கருங்கல்லில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாள். டாக்டர் சேலத்துக்காரி. என்ன தொந்தரவு என்று கேட்டாள். கரிமங்கல்யம் என்றாள் லீமா. டாக்டர் எழுந்து வந்து லீமாவின் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சங்கிலியைத் தூக்கி அடியில் பார்த்தாள்.

“தாலி பட்ட எடத்துல ஒண்ணுமே இல்லையேம்மா. எங்க அரிக்குது?”

“மங்கு, டாக்டர்,” என்றாள் ரெஜிஷா. “இவிய ஊர்ல அதுக்கு அப்படிப் பேரு.” அதே ஊரில் அதே வீட்டில் பிறந்தவள் அவள்.

டாக்டர் சிரித்தாள். லீமாவும் சிரித்தாள். ஒருவர் தன் முகத்தைப் பார்க்காமல் கழுத்தைப் பார்த்தது அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதன் பிறகு டாக்டர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. ஷீஜா கொடுத்த டியூபை வாங்கிப் படித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். அதற்குள் மூன்று மருந்து, ஒன்று ஸ்டீராய்டு, அது வெளுப்பதுபோல வெளுத்துத் தோலைத் தின்றுவிடும் என்றாள். காலையில் பூச ஒரு ஜெல், ராத்திரிக்கு ஒரு கிரீம், வெயிலில் இறங்கும்போதெல்லாம் சன்ஸ்கிரீன். இவற்றுக்கு மேல் எதையும் பூசக் கூடாது. மூன்று மாதம் பொறுக்க வேண்டும். வெயிலில் முகத்தை வெறுமையாகக் காட்டினால் திரும்பவும் வரும். வந்தால் என்னிடம் வந்து அழக் கூடாது என்றாள்.

மாத்திரை இல்லையா என்று பிரகாசி வீட்டில் கேட்டாள். ரெஜிஷா ஜெல்லைக் காட்டினாள். நயாசினமைடு, வைட்டமின் பி மூன்று என்றாள். வைட்டமின் என்றால் தின்பதுதானே, மூஞ்சியில் பூசுவானேன் என்றாள் பிரகாசி. ரெஜிஷாவுக்குக் கடையில் இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்டுக் கேட்டுப் பழக்கம்.

“கருப்பு தோலுக்குக் கீழ உண்டாவுது அம்மா. அத மேல சொமந்து கொண்டுவர ஆளு உண்டு, நம்ம கடப்புறத்துல வள்ளத்துலேந்து மீன் சொமக்குத ஆளு மாதிரி. இந்த ஜெல்லு அந்தச் சொமக்குத ஆள நிப்பாட்டும். ராத்திரி போடுத கிரீமு, கருப்பு உண்டாவுததையே கொறைக்கும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சண்ட போடாது. அதான் சேத்துக் குடுத்திருக்காவ.”

“அப்போ இருக்குத கருப்பு எங்க போவும்?”

“எங்கயும் போவாது. தானா உதுந்துரும்.”

“உதுந்து எங்க போவும்?”

பைத்தியக்காரத்தனமான கேள்வி என்று ரெஜிஷா நினைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

அக்டோபர் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. கறை அப்படியே இருந்தது. நவம்பர் தொடக்கத்தில் கல்லறைத் திருநாள் கழிந்து மரியஜான் போட்டு ஏறுவதாக இருந்தது. கிறிஸ்துமசுக்கு முன் வந்துவிடுவான். அவன் போவதற்குள் முகத்தில் ஏதாவது மாற்றம் தெரிய வேண்டும் என்று லீமாவுக்கு இருந்தது. அவனுக்காக அல்ல, வாசலில் நின்று பார்க்கப்போகும் கிழவிக்காக.

ஷீஜாவுக்குத் தன் கிரீமால் வந்த வினை உறுத்திக்கொண்டிருந்தது. பரிகாரமாக வேறொன்று கொண்டுவந்தாள். துபாயிலிருந்து அவள் நாத்தனார் கொண்டுவந்த வைட்டமின் சி சீரம். அடுப்படி அலமாரியில் மாதக்கணக்காகக் கிடந்தது. தண்ணீர் போல இருந்திருக்க வேண்டியது பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் இருந்தது. அதுவும் வைட்டமின், இதுவும் வைட்டமின், சேர்ந்தால் கெடுதல் வராது என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்தார்கள்.

அவன் புறப்படும் மதியம் லீமா சீரத்தைப் பூசி, அது காயுமுன் மேலே ஜெல்லையும் பூசினாள். சட்டியில் எண்ணெய் காய்வது போல முகம் காய்ந்தது. கழுவினாள். கழுவக் கழுவச் சிவந்தது. கோயில் முக்கில் கொச்சிக்குப் போகும் வேன் வந்து ஆரன் அடித்துவிட்டது. வேறு வழியில்லாமல் அந்த முகத்தோடு வெளியே வந்தாள்.

மரியஜான் பையைத் தோளில் போட்டபடி அவளைப் பார்த்தான்.

“ஏட்டி, அழுதியா?”

“இல்ல. மருந்து.”

“என்ன மருந்துட்டி அது, நல்லமொளவு அரைச்சதா?” என்று அவளுடைய கன்னத்தை சுண்டுவிரல் இல்லாத கையால் தொட்டான். அவள் எரிச்சல் தாங்காமல் முகத்தைப் பின்னுக்கு இழுத்தாள். வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே ஏறினான். திரும்பி வரும்போது வெளுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோலை உரித்துவிடுவேன் என்று ஜன்னலில் இருந்து சொன்னான். வாசலில் நின்ற பிரகாசி அழுத முகத்தைத்தான் பார்த்தாள். மருந்து என்று சொன்னால் நம்பக்கூடியவளாக அவள் அப்போது இல்லை. கடலுக்குப் போகிறவனை அழுத முகத்தோடு அனுப்பிவிட்டாளே என்று சாயங்காலம் வரை மாதாவிடம் முறையிட்டுக்கொண்டிருந்தாள்.

ரெஜிஷா வந்து சீரம் பாட்டிலை மோந்து பார்த்தாள். “ரெண்டும் சேரும்னு யூடியூப்ல ஒருத்தி சொல்லுதா, சேராதுன்னு இன்னொருத்தி சொல்லுதா. நல்ல சீரம்னா, நல்ல தோலுன்னா சேரும் மைனி. இது கெட்டுப்போன புளித்தண்ணி. ஒங்களுக்குத் தோலே இல்ல.” பாட்டிலைத் தென்னைமூட்டில் கவிழ்த்தாள்.

அதன் பிறகு லீமா ஒழுங்காக இருந்தாள். காலையில் ஜெல், ராத்திரியில் கிரீம், கருவாடு போட இறங்கும் முன் சன்ஸ்கிரீன், தலையைச் சுற்றி ஈரிழைத் துண்டு. வேர்த்தால் துடைத்துவிட்டு மறுபடி பூசினாள். செபமாலை சொல்வதில்கூட அவள் அத்தனை ஒழுங்கு காட்டியதில்லை. நவம்பர் பாதியில் இடது கன்னத்தின் ஓரம் கரையத் தொடங்கியது. முதலில் தன் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது பிரகாசி அவளை வெளிச்சத்தில் நிறுத்தி மோவாயைப் பிடித்துப் பார்த்தாள்.

“கொறஞ்சிருக்கு,” என்றாள். சிறிது தூரம் நடந்தபின், “நிப்பாட்டாத,” என்றாள்.

அதிலிருந்து அது இரண்டு பேருடைய வேலையாயிற்று. காலையில் சாயாவுக்கு முன் “போட்டியா?” என்று கிழவி கேட்பாள். வெயிலுக்கு இறங்கும்போது டியூபை எடுத்துக் கையில் கொடுப்பாள். கறை குறையக் குறைய மகன் கரைக்கு நெருங்கி வருகிறான் என்பது அவள் கணக்கு. லீமா அந்தக் கணக்கைத் திருத்தப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அது அவளுடைய கணக்கும் ஆகிவிட்டிருந்தது.

நவம்பர் முடியும் நாளில் ஒக்கிப் புயல் வந்தது.

காற்றை எல்லாரும் பார்த்தார்கள். ரப்பர் மரங்கள் விழுந்ததை, வாழைத்தோட்டங்கள் படுத்ததை, கரண்டுக் கம்பங்கள் முறிந்ததைப் பேப்பர்காரர்கள் படம் எடுத்தார்கள். கடலுக்குள் நடந்ததை எடுக்க ஆளில்லை. போட்டுகள் போன பிறகுதான் புயல் என்ற சேதியே கரைக்கு வந்தது. கடலுக்குள் அது போய்ச் சேரவே இல்லை. முதலாளி வீட்டு முற்றத்தில் பெண்கள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். போன் அடிக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். “வந்துட்டா?” சில போட்டுகள் எங்கெங்கோ கரை ஒதுங்கின. அந்த வீட்டுப் பெண்கள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மற்றவர்களைப் பார்க்காமல் வெளியே போனார்கள். மரியஜானின் போட்டு எந்த இடத்திலும் ஒதுங்கவில்லை.

கரண்டு இல்லாத வீட்டில் பிரகாசி மெழுகுவத்தியைப் பிடிக்க, லீமா கிரீம் பூசினாள். ஜெல் தீர்ந்தபோது பிரகாசிதான் ரெஜிஷாவிடம் சொல்லி வேறு டியூப் வாங்கிவரச் செய்தாள். ரெஜிஷா ஏதோ சொல்ல வாய் திறந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் கடற்கரை ஊர்கள் எல்லாம் நடந்து போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தன. காணாமல் போனவர்களைத் தேடு என்பதுதான் கோரிக்கை. நல்ல வெயில். புறப்படும்போது வழக்கம்போல டியூப் பிரகாசியின் கையில் இருந்தது. லீமா பூசினாள். வேர்வையில் அது வெள்ளையாகத் திரண்டு முகத்தில் சுண்ணாம்பு அடித்தது போல நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி, தன் இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவள், கேட்கும்படியாகவே சொன்னாள்.

“மாப்பிள கடல்ல கிடக்கான். இவளுக்குப் பவுடர் கேக்குது.”

யாரும் சிரிக்கவில்லை. நாலைந்து தலைகள் திரும்பின. லீமா பிரகாசியைப் பார்த்தாள். நான்தான் பூசச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிரகாசி தண்டவாளத்தைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு லீமாவின் சேலைத் தலைப்பை எடுத்து அவள் தலைமேல் முகம் மறைய இழுத்துவிட்டாள். வெயிலுக்காகவா, ஊருக்காகவா என்று லீமாவுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் வரை, தலைப்புக்குள்ளே வேர்வையைத் துடைத்து மறுபடி பூச வழியில்லையே என்பது ஒன்றுதான் அவள் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

அந்தக் கிறிஸ்துமசுக்குத் துறையில் ஒரு ஸ்டாரும் தொங்கவில்லை.

கேரளத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கரை ஒதுங்கிய உடல்களை வைத்திருந்தார்கள். டி.என்.ஏ. ஒப்பிட்டுப் பார்க்கப் பிரகாசியின் ரத்தத்தை எடுத்தார்கள். சுண்டுவிரல் இல்லாத இடதுகையை வீட்டார் அடையாளமாகச் சொன்னார்கள். அத்தனை நாள் தண்ணீரில் கிடந்த உடல்களில் யாருக்குமே விரல் ஒழுங்காக இல்லாததால் அது உதவவில்லை. ரத்தம்தான் கடைசியில் சொன்னது. ரெஜிஷாவும் பங்குச் சாமியாரும் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லி ஆணி அடித்துக் கொடுத்தார்கள். திறக்காமலே அடக்கம் செய்தார்கள்.

அடக்கத்துக்கு மறுநாள் வீட்டில் மூன்று பேர் மட்டும் இருந்தார்கள். மதிய வெளிச்சம் அடுப்படிக்குள் விழுந்திருந்தது. பிரகாசி மகளிடம் கேட்டாள்.

“நீ பாத்தல்லா. அவனுக்க மொகம் எப்படி இருந்து?”

ரெஜிஷா பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் பொய் சொல்லிப் பழகாதவள், களைத்தும் போயிருந்தாள்.

“கறுத்துப் போயிருந்து அம்மா.”

பிரகாசி மெல்லத் திரும்பி லீமாவைப் பார்த்தாள். டாக்டர் சொன்ன மூன்று மாதம் முடிந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. மருந்து தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. இரண்டு கன்னத்திலும் ஒரு புள்ளிகூட இல்லை. கல்யாணப் படத்தில் இருந்ததைவிட முகம் தெளிவாக இருந்தது.

“எங்க போவும்னு கேட்டேனே,” என்றாள் பிரகாசி. “ஒருத்தரும் சொல்லல.”

தண்ணீரில் கிடந்தால் எந்த உடம்பும் அப்படித்தான் ஆகும் என்று ரெஜிஷா சொல்லத் தொடங்கினாள். அது இன்னும் மோசமான பேச்சு என்று பாதியில் புரிந்து நிறுத்தினாள். கறை இருந்தபோது அது அவனைக் கொல்லும் என்றார்கள். கறை போனபின் அவன்மேல் போய்க் கொன்றது என்கிறார்கள். எதிர்த்துப் பேச லீமாவுக்கு ஒரு இடம் வேண்டும், அந்தப் பேச்சில் அப்படி ஓரிடம் இல்லை. அன்று டியூபுகள் அலமாரியிலேயே இருந்தன. மறுநாளும் இருந்தன. யாரும் போட்டியா என்று கேட்கவில்லை.

மாசம் ஒன்று கழிந்ததும் லீமா கருவாடு போட இறங்கினாள். துண்டு கட்டவில்லை. சன்ஸ்கிரீன் பூசவில்லை. நெத்திலியைப் பரப்பிவிட்டு மற்ற பெண்கள் தென்னை நிழலுக்குப் போகும்போது அவள் மணலிலேயே உட்கார்ந்திருந்தாள், முகத்தை மேலே தூக்கியபடி. தன்னிடமிருந்து இறங்கியது அவன்மேல் போனது என்றால், தன்மேல் திரும்ப ஏறினால் அவனிடமிருந்து இறங்க வேண்டும். இது மடத்தனம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பெட்டிமேல் மண் விழுந்ததைப் பார்த்தவள்தான் அவள். இருந்தும் ஒவ்வொரு நாளும் உட்கார்ந்தாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஷீஜா வந்து கையைப் பிடித்து இழுத்தாள். லீமா வரவில்லை.

டாக்டர் சொன்னது தப்பவில்லை. ஈஸ்டருக்கு முன்பே வந்தது. அதே கன்னங்கள், அதே அளவு, அதே கரிக்கை.

பிரகாசி அதைக் கண்டது ஒரு காலை. லீமா வாளியில் உப்பு கலக்கிக்கொண்டிருந்தாள். கிழவி கிட்டே வந்து குனிந்து வெகுநேரம் பார்த்தாள். அவள் வாயில் பல் தேய்க்காத வாடை அடித்தது. லீமா உப்புக் கையோடு அசையாமல் இருந்தாள்.

“வந்துட்டு,” என்றாள் பிரகாசி.

“வந்துட்டு மாமி.”

வேறு யாரும் வரவில்லை. பிரகாசி உள்ளே போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டாள். லீமா வாளியைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு இறங்கினாள்.